ஒட்டாமல் விட்ட மூலை

பெரியம்மா வீட்டுப் படுக்கையறைச் சன்னலைச் சுற்றிலும் பார்சல் கட்டுகிற பழுப்பு நிற டேப் ஒட்டியிருக்கும். ஆண்டு முழுவதும் அல்ல. நவராத்திரி நெருங்கும்போது ஒட்டுவார்கள். குளிர் இறங்கி, சன்னலுக்கு எதிரே நிற்கும் மரத்தின் பூவெல்லாம் கொட்டித் தீர்ந்த பிறகு பிய்த்துப்போடுவார்கள். ஒட்டுவது பெரியப்பாவின் வேலை. ஸ்டூலில் ஏறி நின்று, இஞ்சு இஞ்சாக அழுத்தி ஒட்டுவார். ஆனால் கட்டிலின் தலைமாட்டை ஒட்டிய கீழ் மூலையில் மட்டும் இரண்டே நாளில் டேப் பெயர்ந்து சுருண்டுகொள்ளும். அந்த இடத்தில் மரச்சட்டம் வளைந்து ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. பெரியப்பா கடைக்காரனைத் திட்டுவார். வேறு கடையில் வாங்கி வந்து ஒட்டுவார். அதுவும் அதே மூலையில்தான் பெயரும். அரசாங்கத்தில் அதிகாரியாக இருந்த மனிதருக்கு, பசை ஏன் ஒரே இடத்தில் மட்டும் தோற்றுப்போகிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. எனக்குத் தெரியும். அந்த மாதங்களில் பெரியம்மாவின் ஆள்காட்டி விரல் நகத்துக்குள் எப்போதும் கொஞ்சம் பழுப்புப் பசை இருக்கும்.

அவர் என் அம்மாவின் அக்கா. நாகர்கோவில் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகித் தில்லிக்கு வந்தவர். நான் படிப்பை முடித்து இங்கே வேலைக்கு வந்தபோது விடுதியில் தங்கிக்கொள்கிறேன் என்றேன். "ஏன், பெரியம்ம செத்தா போயிட்டேன்?" என்று ஒரே கேள்வி கேட்டு என் பெட்டியை வீட்டுக்குள் இழுத்து வைத்துவிட்டார். பிள்ளைகள் இல்லாத வீடு அது. மோதி பாக்கை அடுத்திருந்த அரசுக் குடியிருப்பில் தரைத்தளம். பெரியப்பாவுக்குத் தோட்டக்கலைப் பிரிவில் உத்தியோகம். சாலையோரத்தில் என்ன மரம் வைக்கலாம், எந்த மரத்தை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்கிற வேலை. பெரும்பாலும் தொடக்கூடாது என்றுதான் சொல்வார். பால்கனிக்கு வெயில் வரவில்லை, கிளையை வெட்டித் தாருங்கள் என்று யாராவது வந்தால் டீ கொடுத்து, அரை மணி நேரம் பாடம் நடத்தி, வெறுங்கையோடு அனுப்பிவைப்பார்.

பெரியம்மாவுக்கு மூக்குதான் எல்லாம். பிச்சிப்பூ வாசத்தில் வளர்ந்தவர். தில்லிக்கு வந்த புதிதில் அவருக்கு இருந்த ஒரே குறை, இந்த ஊரில் பூ கண்ணுக்கு மட்டும் பூத்தது என்பதுதான். சாமந்தியும் பெட்யூனியாவும் டாலியாவும் வண்டி வண்டியாகக் கிடைத்தன. வெள்ளிக்கிழமைகளில் கோயில் வாசலில் விற்கிற மல்லிகைச் சரம்கூட ரயிலில் வந்து களைத்து, ஐஸ் தண்ணீரில் முழுகி, வாசத்தைத் தொலைத்துவிட்டுத்தான் அவர் கைக்கு வரும். "நெறம் மட்டும் இருந்து என்ன செய்ய, மணம் இல்லாத பூவ எதுக்குத் தலையில வைக்கணும்?" என்று கேட்டுக் கேட்டுப் பெரியப்பாவைத் துளைத்திருக்கிறார். பிச்சிக்கொடி இரண்டு குளிர்காலம் தாங்காமல் கருகிப்போயிற்று. கடைசியில் பெரியப்பா தன் நர்சரியிலிருந்து ஓர் ஏழிலைப்பாலைக் கன்றைக் கொண்டுவந்து படுக்கையறைச் சன்னலுக்கு எதிரே நட்டார். தூசியையும் வெயிலையும் தாங்கும். எப்போதும் பச்சையாக இருக்கும். பூக்கிற காலத்தில் தெருவையே மணக்க வைக்கும். மனைவிக்கு நகை வாங்கித் தராத மனிதர் மரம் வைத்துத் தந்தார்.

அது பூக்கப் பல வருடங்கள் ஆயின. நான் வந்து சேர்ந்தபோது மரம் மாடிக்கு மேல் வளர்ந்து, அக்டோபரானால் சாயங்காலத்தில் ஆளை அடிக்கிற அளவுக்கு மணத்தது. வெளிர்பச்சை கலந்த வெள்ளைப் பூங்கொத்து. பார்க்க ஒன்றுமே இல்லை. வாசம் மட்டும் கனத்து, இனித்து, மிளகு போட்டதுபோல் மூக்கின் அடியில் ஏறும். தலைவலிக்கிறது என்று எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு போவார். பெரியம்மாவோ உதிர்ந்த பூவைத் தட்டில் அள்ளித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். அவருக்கு இருமல் அப்போதே இருந்தது. அடுத்த வருடம் இருமல் இழுப்பாயிற்று. அதற்கடுத்த வருடம் கோயில் படியில் பாதியிலேயே நின்று மூச்சைத் தேட ஆரம்பித்தார்.

அதன்பிறகு அந்த வீட்டில் வாசனைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. ஊதுபத்தி போனது. சாம்பிராணி போனது. பவுடர், தரை துடைக்கிற பினாயில், துணிக்குப் போடுகிற நீலச் சோப்பு எல்லாம் போயின. நான் ஆசையாக வாங்கிய சென்ட் பாட்டிலை வெளியே செருப்பு அலமாரியில் வைத்து, தெருவுக்குப் போன பிறகு அடித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. "ஏட்டி, நீ ஆபீசுக்குப் போறியா, இல்ல கொசு அடிக்கப் போறியா?" என்பார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதற்குள் அவருக்கு நெஞ்சு அடைக்கத் தொடங்கியிருக்கும். எதை விடச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் விட்டார். மரத்தை மட்டும் விடமாட்டேன் என்றார்.

டாக்டர் ஒரு காரணத்தைச் சொல்லவில்லை, ஒரு மூட்டையைச் சொன்னார். பனியோடு சேர்ந்து இறங்கும் புகை, வயல்களில் வைக்கோல் எரிக்கிறது, தீபாவளி வெடி, சாலைத் தூசி, கட்டட வேலைத் தூசி, பழைய வீட்டுச் சுவரின் பூஞ்சை. கடைசியில், பக்கத்தில் பூக்கிற மரம் இருந்தால் அதுவும் இருக்கலாம் என்றார். பெரியப்பா காதில் விழுந்தது அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான். ஊர்ப் புகையை அவரால் என்ன செய்ய முடியும்? அந்த மூட்டையில் அவர் கையால் வைத்தது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் பெரியம்மாதான் ஆட்டோவில் மூச்சு வாங்கியபடி, "டாக்டர் சாப் 'இருக்கலாம்'னுதானே சொன்னாரு. 'இருக்கு'ன்னா சொன்னாரு?" என்று மரத்துக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்தார்.

ஏன் வெட்டவில்லை என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அனுமதி வேண்டும். அனுமதி தரவேண்டியது பெரியப்பாவின் அலுவலகம். "நான் கேட்டா குடுத்துருவானுவ மக்களே. அதனாலதான் கேக்க முடியல" என்றார். ஊரில் அத்தனை பேரை வெறுங்கையோடு அனுப்பிய வாசலில் தானே போய் நிற்க அவருக்குக் கூசியது. வேறு வீடு மாற்றிக்கொள்ளலாம் என்றார், பெரியம்மா கேட்கவில்லை. பூக்கிற காலத்தில் நாகர்கோவிலில் தம்பி வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிட்டார். "அங்க மூச்சு நல்லாத்தான் இருந்துச்சு. மூச்சு மட்டுந்தான் இருந்துச்சு" என்றார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபமாக வரும். கௌரவத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர், வாசனையைப் பிடித்துக்கொண்டு ஒருவர். நடுவில், மூச்சுக்கான மருந்தைப் புகையாக்கித் தருகிற நெபுலைசர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கடைசியில் பெரியப்பா கண்ட வழிதான் அந்த டேப்.

ஒரு வருடம் தசராவுக்கு முன்னால் பெரியம்மா ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். தசரா அன்று சாயங்காலம் குடியிருப்பே ராவணனை எரிப்பதைப் பார்க்க மைதானத்துக்குப் போய்விட்டது. நான் கூட்டத்துக்குப் பயந்து பாதியில் திரும்பினேன். பெரியப்பா பின்பக்கக் குழாயடியில் நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். சட்டைக் கையில் வெள்ளையாகப் பால் பிசுக்கு. பக்கத்தில், திரைச்சீலை மாட்டுவதற்காக வாங்கிய கை டிரில், செய்தித்தாளில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே பெரியம்மாவுக்கு மருந்து இழுக்கிற நேரம். பெரியப்பா நெபுலைசர் முகமூடியை அவர் முகத்தில் பொருத்தினார். பெரியம்மா அதைத் தள்ளிவிட்டு அவர் கையைப் பிடித்து மோந்து பார்த்தார். சோப்பையும் மீறிப் பெருங்காயம் மணத்தது. எனக்கே தெரிந்தது. என்ன இது என்று கேட்டதற்கு, ரசம் வைத்தேன் என்றார் பெரியப்பா. அடுப்பு காலையிலிருந்து துடைத்தபடி கிடந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். வேண்டாத மரத்தைத் துளைத்துப் பெருங்காயத்தை அடைத்துவிட்டால் மரம் தானாகப் பட்டுப்போகும் என்பார்கள். பெரியம்மாவுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"மரத்துக்கு ரசம் வச்சியளாக்கும்?" என்றார்.

பெரியப்பா மருந்துக் குப்பியைத் திருகி மூடினார்.

"எனக்குன்னு வச்ச மரம். கொல்லணும்னா எங்கிட்டல்லா கேக்கணும்."

"கேட்டா வேண்டாம்ப."

"ஆமா, வேண்டாம்பேன்" என்றார் பெரியம்மா. பிறகு முகமூடியை அவரே எடுத்து மாட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

நான் பின்னாளில் யோசித்துப் பார்த்ததுண்டு. ஒரு மரத்தைக் கொல்ல அவர் அலுவலக அறையில் எத்தனையோ வலுவான மருந்துகள் இருந்தன. அதையெல்லாம் விட்டுவிட்டு, துறைப் புத்தகம் எதிலும் இல்லாத பெருங்காயத்தைத் தேடிப்போனார். மரம் சாகவேண்டும், ஆனால் தான் கொன்றதாக இருக்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. அவரைக் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

மறுநாள் காலை பெரியம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார். நான் பிடிக்கப் போனதற்குக் கையைத் தட்டிவிட்டார். துளையைப் பெரியப்பா களிமண்ணால் பூசி மறைத்திருந்தார். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, மண்ணைக் குத்தி எடுத்தார். பிறகு உள்ளே இருந்த பெருங்காயத்தைத் துணுக்குத் துணுக்காக வெளியே தோண்டினார். மேலேயிருந்து பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. இரண்டு தோண்டலுக்கு ஒருமுறை நின்று மூச்சை இழுத்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா சிறிது நேரத்தில் செருப்புகூடப் போடாமல் வந்தார். அவர் கையிலிருந்து ஊசியை வாங்கி மிச்சத்தையும் தானே சுரண்டி எடுத்தார். தண்ணீர் ஊற்றிக் கழுவினார். மரத்தின் காயத்துக்குப் பூசுகிற மருந்துக் குழம்பைக் கலந்து வந்து, வேலை தெரிந்தவர் பூசுகிற மாதிரி நிதானமாகப் பூசினார்.

மரம் சாகவில்லை. அடுத்த நவராத்திரிக்குப் பெரியப்பா வழக்கம்போல ஸ்டூலில் ஏறி டேப் ஒட்டினார். மூன்று பக்கமும் அழுத்தி ஒட்டிவிட்டுக் கீழே இறங்கி, தலைமாட்டு மூலைக்கு வந்ததும் டேப்பைக் கத்தரித்தார். அந்த மூலையை ஒட்டவில்லை. பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழுததை நான் பார்த்த ஒரே தடவை அதுதான்.

அந்த நவம்பரில், ஊரே புகைக்குள் மூழ்கிக் கிடந்த ஒரு வாரத்தில், பெரியம்மா போய்விட்டார். புகைதான் கொன்றதா, பூதானா, அந்த ஒரு விரல் இடைவெளியா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயம். பெரியப்பா ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குடியிருப்பை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். மரத்தையும் வெட்டிவிட்டார்களாம். செய்தியைச் சொன்னபோது அவர், "அனுமதி வாங்கியிருப்பானுவ" என்று மட்டும் சொன்னார்.

இப்போது அவர் என்னோடு இருக்கிறார். மூக்கு போய்விட்டது அவருக்கு. வயதினாலா, நடுவில் ஊரையே படுக்கவைத்த காய்ச்சலினாலா தெரியவில்லை. பால் அடிபிடித்தாலும் தெரியாது, ரசம் கொதித்தாலும் தெரியாது. எங்கள் குடியிருப்பின் பின்சுவரை ஒட்டி யாரோ வைத்த ஏழிலைப்பாலை ஒன்று நிற்கிறது. காற்று சுத்திகரிக்கிற இயந்திரம் ஓட, சன்னல் இடுக்கெல்லாம் அடைக்க வேண்டியிருக்கிறது. இந்த அக்டோபரில் நானே டேப் வாங்கி ஒட்டினேன். போன வாரம் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தால் பெரியப்பாவின் கட்டில் தலைமாட்டில், கீழ் மூலையில், டேப் பெயர்ந்து சுருண்டிருந்தது. நான் கடைக்காரனைத் திட்டவில்லை.

"பூத்துட்டா மக்களே?" என்று கேட்டார்.

பூத்துவிட்டது என்றேன்.

"மணம் வருதா? எனக்கு ஒண்ணும் தெரியல்ல."

குனிந்து அந்த மூலையில் முகத்தை வைத்தேன். வந்தது. அதே கனம், அதே இனிப்பு. பெரியம்மா பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது. வருகிறது என்றேன். எப்படி இருக்கிறது என்று கேட்டார், குழந்தை கேட்கிற மாதிரி. சொல்ல வாயைத் திறந்தேன், இருமல் வந்துவிட்டது. இரண்டு வருடமாக அக்டோபரில் எனக்கு வருகிற இருமல் அது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு இருமி, அவருக்குத் தெரியாமல் காப்பாற்றி வைத்திருந்தேன். இந்தத் தடவை நிற்கவில்லை. இருமல் ஓய்ந்தபோது நெஞ்சுக்குள்ளிருந்து மெலிதாக ஒரு விசில் எழுந்தது. மூக்கு போனாலும் அவருக்குக் காது போகவில்லை. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாததா?

"ஒனக்குமா?" என்றார்.

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். சுருண்டு கிடந்த டேப்பை நிமிர்த்தி, கட்டைவிரலால் மூலையில் வைத்து அழுத்தினார். பசை தூசியேறிப் போயிருந்தது. விரலை எடுத்ததும் பெயர்ந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி பெயர்ந்தது. வேறு டேப் எடுத்து வருகிறேன் பெரியப்பா, விடுங்கள் என்றேன். அவர் விடவில்லை. நான் போய் டேப்பையும் கத்தரியையும் தேடி எடுத்துக்கொண்டு திரும்பும்வரை, உள்ளங்கையால் அந்த மூலையைப் பொத்திப் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.