காளையார்கோவிலுக்கு ஒரு லேடீஸ் சைக்கிள்

எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் இருக்கும். அறுபதுகளின் பிற்பகுதி. என் கணவர் காரைக்குடியில் பள்ளிக்கூட வாத்தியார். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, வாத்தியார்களெல்லாம் சேர்ந்து காளையார்கோவிலுக்கு சைக்கிளில் போய்வருவதாக முடிவாயிற்று. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரக் கும்பினிப் படை காட்டை வெட்டி வழி உண்டாக்கிப் போய்ச் சிவகங்கைச் சீமையோடு சண்டை போட்ட பக்கம் அது. வரலாற்று வாத்தியாரின் யோசனை.

“நீயும் வாரியா?” என்று இவர் கேட்டார். நான் அதற்குள் புளியோதரைக்குப் புளி ஊறவைத்திருந்தேன்.

வாடகைக் கடைக்கு இவர் போனபோது ஆண்கள் சைக்கிள் எல்லாவற்றையும் மற்ற வாத்தியார்கள் எடுத்துப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு லேடீஸ் சைக்கிள். வேறு வழியில்லாமல் அதில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். “சார், பூக்கூடை ஒண்ணு மாட்டிக்கிட்டு வந்திருக்கலாமே” என்று கல்லல் வரைக்கும் கேலி செய்துகொண்டே வந்தார்கள். இவர் காது சிவக்க மிதித்தார்.

வழியெல்லாம் கண்மாய் நிறைந்து கிடந்தது. சண்டை நடந்த காடு என்று நான் இருட்டாக எதையோ நினைத்திருந்தேன். இரண்டு பக்கமும் கதிர் அறுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கேட்டு ஒரு வீட்டில் இறங்கினோம். அந்த வீட்டு அம்மா, கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த இரும்பு உருண்டையைக் காட்டி, “உழுகையில கெடச்சது. அந்தக் காலத்துப் பீரங்கிக் குண்டுன்னு சொல்லுவாக” என்றார். வரலாற்று வாத்தியார் தரையில் மண்டியிட்டு அதைத் தடவித் தடவிப் பார்த்தார். “வேணுமின்னா எடுத்துட்டுப் போங்க சார்” என்றதும் தூக்கிப் பார்த்தவர், இருபது மைல் திரும்ப மிதிக்க வேண்டுமே என்று மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். அந்த அம்மா உட்பட எல்லாரும் சிரித்தோம்.

கோயிலைப் பார்த்து, குளக்கரையில் சாப்பிட்டுத் திரும்பும்போது, பாதி வழியில் இவர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சாலையோரம் உட்கார்ந்தார்.

“கெண்டைக்கால் பிடிச்சுக்கிருச்சு. இனி மிதிக்க முடியாது. பஸ்ஸுதான் பாக்கணும்.”

“நீங்க பின்னாடி உக்காருங்க. நான் மிதிக்கிறேன்.”

“ஒனக்கு சைக்கிள் விடத் தெரியுமா? இத்தன நாளா சொல்லவே இல்லையே?”

“நீங்க கேக்கவே இல்லையே.”

திருப்பத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில், பத்து வயதிலேயே அண்ணன் சைக்கிளை எடுத்துக் களத்தில் ஓட்டியவள் நான். பெரியவளானதும் நிறுத்திவிட்டார்கள். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். முதல் பர்லாங்கு பாம்பு மாதிரி நெளிந்தது. பிறகு கால்களுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு சரிவில் மற்ற சைக்கிள்களை முந்தினேன். காலையில் கேலி பேசியவர்கள் கைதட்டினார்கள். இவர் பின்னாலிருந்து, “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். அந்தக் காற்று பட்டபோது எனக்குக் கண்ணில் நீர் வந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் காரைக்குடி வந்துவிட்டோம். “நம்ம தெரு வருது. எறங்கிக்கிரவா?” என்றார்.

“கால் வலின்னீகளே. சும்மா உக்காருங்க.”

மாமியார் தெருக்குழாயடியில் குடத்தோடு நின்றார். நான் சைக்கிளை நிறுத்தினேன். என்னையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இவனுக்கு என்ன?”

“காலு பிடிச்சுக்கிருச்சு அத்தை.”

“அம்புட்டுத் தொலவுமா இவன வச்சு மிதிச்ச?”

“பாதித் தொலவுதான்.”

மாமியார் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, “மாவு இருக்கு. கை கால் கழுவிட்டு வா, தோசை ஊத்துறேன்” என்றார். மகனைப் பார்த்து, “ஒனக்குந்தான்” என்றார்.