கரண்டுக்கு முன்னால் வந்த இஞ்சினியர்

எங்கள் நெல் மில்லுக்குப் பாபநாசத்துக் கரண்ட் வரப்போகிறது என்பது உறுதியானபோது நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தென்காசியிலிருந்து இலத்தூர் போகிற பாதையில் இருந்தது மில். நான் பள்ளி இறுதி வகுப்பு தேறியவன். இங்கிலீஷில் வரும் கடிதங்களைப் படித்து முதலாளிக்குச் சொல்ல வேண்டும், அவர் தமிழில் திட்டுவதை மரியாதையான இங்கிலீஷில் பதிலாக எழுத வேண்டும். அதுதான் என் உத்தியோகம்.

மோட்டார் பெரிய மரப்பெட்டியில் வந்து இறங்கியது. மறுநாள் ஒரு கடிதமும் வந்தது. மோட்டாரை விற்ற சென்னைக் கம்பெனி தன் இஞ்சினியர் ஒருவரை அனுப்புகிறதாம். கரண்டோடு எப்படிப் பழக வேண்டும் என்று அவர் தொழிலாளிகளுக்கு நாலு நாள் பாடம் நடத்துவாராம். அது முடிந்த பிறகுதான் மோட்டாரைப் பூட்டுவார்களாம்.

"நாலு நாளா?" என்றார் முதலாளி. "போட்டா ஓடுது, நிறுத்துனா நிக்குது. இதுல என்னவே பாடம்?"

ஆனாலும் வருகிறவர் பெரிய கம்பெனியின் ஆள். ஆகவே குற்றாலத்தில் சாரல் காலத்துக்கென்று தாம் வைத்திருந்த வீட்டிலேயே அவரைத் தங்க வைத்தார். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காத சமயம். காலையில் குதிரை வண்டி அனுப்பி அழைத்து வருவோம்.

இஞ்சினியர் கோதாவரிக் கரைக்காரர். ஒல்லியான மனிதர். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை. தெலுங்கும் இங்கிலீஷும் பேசுவார். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'வேண்டாம்', 'போதும்', 'நல்லாயிருக்கு' என்ற மூன்று வார்த்தைகள். மூன்றையும் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருந்தார். அதனால் அவர் பாடத்தைத் தமிழில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கும் மின்சாரத்துக்கும் அதுவரை இருந்த உறவு, மதுரையில் ஒரு தடவை தெரு விளக்கை அண்ணாந்து பார்த்தது மட்டும்தான்.

முதல் நாள் காலை எல்லோரும் சாக்கை விரித்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆயில் இஞ்சினை ஓட்டுகிற டிரைவர் அண்ணாச்சி தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மோட்டார் வந்தால் தம் இஞ்சின் பழைய இரும்புக்குப் போய்விடும் என்று அவருக்கு வருத்தம். எதிர்ப்பக்கம் களத்துப் பெண்கள். அவித்த நெல்லைக் காயப்போடும் வேலை அவர்களுக்கு. அவர்களுக்குத் தலைவியாக ஒரு அம்மாள் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள் குரலுக்குக் களத்துக் காக்கைகள் இலஞ்சி வரைக்கும் பறந்துவிடும்.

இஞ்சினியர் ஆரம்பித்தார். நான் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன்.

"செத்த கம்பியைத் தொடலாம். உயிரோட இருக்கிற கம்பியைத் தொடக் கூடாது."

களத்தம்மாள் கேட்டாள். "ரெண்டும் பாக்க எப்படி இருக்கும்?"

இஞ்சினியரைக் கேட்டுச் சொன்னேன். "ஒரே மாதிரிதான் இருக்கும்."

"அப்ப எதுக்கு உசுரு இருக்குன்னு எப்படிங்கய்யா கண்டுபிடிக்க?"

எல்லாக் கம்பிக்கும் உயிர் இருப்பதாகவே நினைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னார். நானும் சொன்னேன்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா. செத்ததைப் பத்தி எதுக்கு இம்புட்டுப் பேச்சு?"

இதை நான் பயந்து பயந்து இங்கிலீஷில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தம் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒரு வரியை அடித்துவிட்டு, அந்த அம்மாளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அடுத்த வாக்கியத்தில் நான் இன்னும் ஆழமாக விழுந்தேன். மோட்டாரின் உடம்பை மண்ணோடு சேர்க்க வேண்டும், அதற்குக் குழி வெட்டிக் கரியும் உப்பும் கொட்டி ஒரு செம்புத் தகட்டைப் புதைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டிரைவர் அண்ணாச்சி கண்ணைத் திறந்தார்.

"என்ன தம்பி, வந்த அன்னைக்கே மோட்டாருக்கு அடக்கமா? எங்க இஞ்சினு இத்தனை வருசமா ஒரு நாளும் குழி கேக்கல."

மில்லே சிரித்தது. தகட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே கம்பி ஓடும், மோட்டார் மேலேயேதான் இருக்கும் என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

ஈரத்தைப் பற்றிய பாடம் வேறு விதமாகப் போயிற்று. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடக் கூடாது, ஈரத் தரையில் நின்று தொடக் கூடாது, ஈரத் துணியோடு பக்கத்திலேயே போகக் கூடாது. சாரல் மாசத்தில் எங்கள் ஊரில் வந்து நின்று ஒருவர் இதைச் சொன்னால் என்ன செய்வது? மேல்கூரை ஓட்டிலிருந்து முதலாளியின் வெற்றிலைச் செல்லம் வரை எல்லாமே நசநசத்துக் கிடந்தன. யாரையாவது கரண்ட் பிடித்துக்கொண்டால் சுவிட்சை நிறுத்த வேண்டும், முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ள வேண்டும், கையால் தொட்டு இழுக்கக் கூடாது என்றார். காய்ந்த கட்டை ஒன்று கேட்டார். ஏழெட்டுக் கட்டை வந்தது. ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "வேண்டாம்" என்று கீழே போட்டார். கடைசியில் ஒரு நல்ல வேப்பங்கட்டையைத் தேர்ந்தெடுத்து, நெல் அவிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் காயட்டும் என்று தம் கையாலேயே சாத்தி வைத்தார். மறுநாள் அதைக் காணவில்லை. சாரல் காலத்தில் அடுப்புக்காரனுக்குக் காய்ந்த விறகு கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம் அல்லவா?

மூன்றாம் நாள்தான் முக்கியமான பாடம். கரண்ட் அடித்து மூச்சு நின்றவனைக் குப்புறப் படுக்க வைத்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, முழங்காலிட்டு உட்கார்ந்து முதுகின் கீழ்ப்பக்கத்தில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அமுக்க வேண்டும். விட வேண்டும். மறுபடி அமுக்க வேண்டும். நிதானமாக எண்ணிக்கொண்டே செய்ய வேண்டும். படுத்துக் காட்ட ஆள் கேட்டபோது டிரைவர் அண்ணாச்சி தாமாகவே எழுந்து வந்தார். படுத்தார். இரண்டு பேர் மாறி மாறி அமுக்கியதில் சுகமாகத் தூங்கிப்போய்க் குறட்டை விட்டார்.

எண்ணுவதில் ஒரு சங்கடம் இருந்தது. நெல் அளக்கிற வாய்களுக்கு 'ஒன்று' வராது. "லாபம்… ரெண்டு… மூணு…" என்றுதான் தொடங்கும். மூச்சு நின்றவனுக்கு முன்னால் ஏன் லாபம் என்கிறார்கள் என்று இஞ்சினியர் என்னைக் கேட்டார். மங்களமாகத் தொடங்குகிறார்கள் என்றேன். தாளம் சரியாக இருக்கிறது, அப்படியே எண்ணட்டும் என்று விட்டுவிட்டார்.

கடைசியாக அவர் எச்சரித்தார். டாக்டர் வருகிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. செத்துப்போய்விட்டான் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. கண் விழித்தாலும் உடனே எழுந்திருக்க விடக் கூடாது. அவ்வளவுதான் அவர் சொன்னது. மூன்று நாளாகப் பேசிப் பேசி எனக்கும் கொஞ்சம் வாத்தியார் தோரணை வந்திருந்தது. அதனால் என் பங்குக்கும் சேர்த்தேன்.

"அவனே எந்திரிச்சு 'நான் நல்லா இருக்கேன்'னு சொன்னாலும் நம்பப்படாது. உளறுதான்னு அர்த்தம். டாக்டர் வந்து சொன்னாத்தான் விடணும்."

மறுநாள் ஆடி அமாவாசை. மில்லுக்கு விடுமுறை. ஊரே குற்றாலத்துக்குப் போயிற்று, நானும் போனேன். பேரருவியில் நல்ல தண்ணீர். கூட்டத்தில் நெருக்கித் தலையைக் கொடுத்து நின்றேன்.

அதே நேரத்தில், அருவிக்குச் சற்றுத் தள்ளி ஒரு பாறைமேல், இஞ்சினியர் இடுப்பில் துண்டோடு குப்புறப் படுத்துக் கிடந்திருக்கிறார். முதலாளி ஏற்பாடு. எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் ஒருவர் முழங்காலிட்டு அவர் முதுகை அமுக்கிக்கொண்டிருந்தார். இஞ்சினியர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கண்ணை மூடி, மெல்ல முனகியிருக்கிறார்.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த களத்தம்மாள் இதைப் பார்த்துவிட்டாள்.

"ஏலே! நம்ம இஞ்சினியரய்யாவுக்கு என்னமோ ஆயிட்டு! ஓடியாங்கலே!"

நான் அருவிக்குள் நின்றபோது அந்த இரைச்சலுக்கு மேலாக "லாபம்… ரெண்டு… மூணு…" என்று ஒரு குரல் கேட்டது. முதலில் பிரமை என்று நினைத்தேன். பிறகு அது யார் குரல் என்று புரிந்தது. தலையைத் துவட்டாமல் ஓடினேன்.

அங்கே எங்கள் மில் முழுவதும் நின்றது. எண்ணெய்க்காரரைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். "என் தொழிலுவே அது! விடுங்கவே!" என்று அவர் கத்த, "நீரு அமுக்குதது தப்பு. எண்ணாம அமுக்குதீரு" என்று ஒருவன் அவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தான். டிரைவர் அண்ணாச்சி தம் முழு பாரத்தோடு இஞ்சினியர் முதுகில் வேலை செய்துகொண்டிருந்தார். இரண்டு பேர் கால்மாட்டில். களத்தம்மாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

இஞ்சினியர் தெலுங்கில் அலறினார்.

"உளறுதாரு," என்றார் அண்ணாச்சி, அமுக்கிக்கொண்டே.

"வேண்டாம்! போதும்! நல்லாயிருக்கு!" என்று தம்மிடமிருந்த மொத்தத் தமிழையும் இஞ்சினியர் செலவழித்தார்.

"பாத்தீகளா, கிளார்க்கய்யா சொன்ன மாதிரியே சொல்லுதாரு! விட்டுராதீங்க!" என்றாள் களத்தம்மாள்.

நான் உள்ளே புகுந்து, அவருக்கு ஒன்றும் இல்லை, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார் என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. "நீரு டாக்டரா?" என்று அண்ணாச்சி ஒரே கேள்வியில் என்னை அடக்கிவிட்டார். டாக்டரைத் தேடி ஏற்கனவே ஆள் போயிருந்தது. கூட்டத்தில் குளித்துக்கொண்டிருந்த டாக்டர் ஒருவர் ஈர வேட்டியோடு வந்து சேர்ந்தார். நாடியைப் பிடித்தார். எண்ணெய் வாசனையை முகர்ந்தார். எண்ணெய்க்காரரைப் பார்த்தார். "உசுரோட இருக்காரு. இன்னும் கொஞ்சம் அமுக்கினா எனக்கு வேலை வந்துரும். எறங்கும்," என்றார்.

அண்ணாச்சி இறங்கினார். இஞ்சினியர் எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் எண்ணெயும் மணலும். இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, இவர்களிடம் என்ன சொன்னாய் என்று இங்கிலீஷில் கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. நான் சேர்த்த வாக்கியத்தைச் சொன்னேன். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"எத்தனை பேர் மாறினார்கள்?" என்றார்.

"மூன்று பேர்."

"மாறும்போது தாளம் தப்பியதா?"

"ஒரு தடவைகூடத் தப்பவில்லை என்கிறார்கள்."

அவர் டிரைவர் அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தார். பலம் மட்டும் பாதியாகக் குறைய வேண்டும் என்றார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் முதுகு வலித்து "அம்மா" என்றார். அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். எண்ணெய்க்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மிச்ச முதுகைத் தானே தேய்ப்பேன் என்று பிடிவாதமாக இஞ்சினியரை மறுபடி படுக்க வைத்தார்.

வண்டி ஏறும்போது இஞ்சினியர் எனக்கு ஒன்று சொன்னார். முன்பு வேறு ஓர் ஊரில், அவர் கரண்ட் கம்பி இழுத்த ஆலையில், கூட வேலை செய்த ஒருவர் கரண்ட் அடித்து விழுந்தாராம். சுற்றி இருபது பேர் நின்றார்களாம். தொடலாமா வேண்டாமா என்று ஒருவருக்கும் தெரியவில்லையாம். "இன்று இருபது பேரும் தொட்டார்கள்," என்றார். மறுநாள் மில்லில் என் வாக்கியத்தை நானே எல்லோர் முன்னாலும் திருத்திச் சொன்னேன். களத்தம்மாளுக்கு மட்டும் திருத்தம் பிடிக்கவில்லை. முதலில் சொன்னதுதான் நல்ல பாடம் என்றாள்.

ஒரு வாரத்தில் கரண்ட் வந்தது. புது மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் வேலை டிரைவர் அண்ணாச்சிக்கே என்று இஞ்சினியர் முதலாளியிடம் அழுத்திச் சொல்லியிருந்தார். அண்ணாச்சி காலுக்குக் கீழே பலகை போட்டு, கையைத் துடைத்து, சுவிட்சைப் போட்டார். மோட்டாரில் மாட்டிய தோல் வார் ஓடியது, அரிசி கொட்டியது. ஆயில் இஞ்சினின் இடி முழக்கம் மட்டும் இல்லை. அத்தனை வருஷமும் நாங்கள் கையை ஆட்டியே பேசிப் பழகியவர்கள். இப்போது ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்டது.

ஒரு விஷயம் எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அண்ணாச்சிக்கு வேலை செய்துகொண்டே முதலாளியை வாய்விட்டு வைகிற பழக்கம் உண்டு. இஞ்சின் சத்தத்தில் அது இதுவரை அவருக்கே கேட்டிராது. "கஞ்சப்பய, தீவாளிக்கு ஒரு நல்ல வேட்டி எடுத்துத் தந்திருப்பானா, மூஞ்சியப் பாரு" என்று அன்றும் வழக்கம்போல் ஆரம்பித்தார். முதலாளி மோட்டாருக்குப் பூமாலையோடு அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

அந்தத் தீபாவளிக்கு எல்லோருக்கும் எட்டு முழ வேட்டி கிடைத்தது.