மஞ்சள் வேட்டி யாருக்குக் கட்டியது? சிலாபத்திலிருந்து உடப்புவரை

இந்தப் பயணத்துக்குக் காரணம் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடற்கரைப் படங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவேண்டும், நான் ஒன்றுகூட எடுக்கவில்லை.

இரண்டு கிழமைக்கு முன் கொழும்பில் ஒரு ஆவணப்படம் பார்த்தேன். போர் முடிந்த அடுத்த வருடம் சிலாபம் மைதானத்தில் நடந்த ரொக் இசைக்கச்சேரி பற்றியது. குழுவின் பெயரை எழுதவில்லை. வக்கீல் கடிதம் வந்தால் பதில் போட என்னிடம் ஆள் இல்லை. என் வயதுக்காரருக்குப் பெயர் தேவையும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள், நீர்கொழும்பிலிருந்து லொறியில் வந்தவர்கள், புத்தளம் முகாம்களிலிருந்து நடந்தும் தொங்கியும் வந்தவர்கள் என்று, அடையாள அட்டையை யாரும் கேட்காத ஒரு இரவில் அத்தனை பேரும் ஒன்றாக நின்று கத்திய கச்சேரி அது. அந்த இரவை ரசிகர்களின் வாயாலேயே திரும்பச் சொல்கிறது படம். முதல் பாதியில் நான் நன்றாகவே அழுதேன். தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது புருஷனைச் சந்தித்ததாக ஒரு பெண் சொன்னதில் மூக்கும் சிந்தினேன்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. ஏழு இளைஞர்கள், எல்லோரும் மஞ்சள் வேட்டி, வெறுங்கால். தலைமுடி பறக்க ஆடுகிறார்கள். பின்னணிக் குரல் சொல்கிறது: குழுவின் முதல் இசைத்தட்டின் உறையில் மஞ்சள் சூரியன் இருந்ததாம், அதற்காக இந்தப் பரம ரசிகர்கள் உடுப்புக்குச் சாயம் போட்டுக்கொண்டு வந்தார்களாம். அரங்கம் கைதட்டியது. நான் மட்டக்களப்புக்காரி. எங்கள் பக்கமும் தீ மிதிப்பு உண்டு. ஆடி மாதத்தில் மஞ்சள் வேட்டி, வெறுங்கால், மணிக்கட்டில் மஞ்சள் கட்டிய கயிறு என்றால் அது அம்மனுக்கு வைத்த நேர்த்திக்கடன் என்று பால்குடிப் பிள்ளையும் சொல்லும்.

படம் முடிந்து கேள்வி நேரத்தில் எழும்பிக் கேட்டேன். இயக்குநர் சின்ன வயதுத் தம்பி, தமிழர்தான். “ரசிகரின் பக்தியும் பக்திதானே அக்கா” என்று சிரித்தார். சபையும் சிரித்தது. பிறகு கதைப்போம் என்று தன் தொலைபேசி இலக்கத்தைத் தந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்கு வீட்டுக்குப் போயும் ஆறவில்லை. அந்த ஏழு பேரில் ஒருவரையாவது கண்டு கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை கோட்டையில் புத்தளம் பாதை ரயில். மூன்றாம் வகுப்பு, முந்நூறு ரூபாய் கொடுத்து மீதி வாங்கினேன். கடல் தெரியும் என்று ஜன்னலோரத்துக்குச் சண்டை பிடிக்காதீர்கள், இந்தப் பாதையில் தெரிவது தென்னந்தோப்பும் வீடுகளின் குசினிப்பக்கமும்தான். சிலாபம் சேர மூன்று மணித்தியாலம் ஆகும். இறங்கியதும் மீன் சந்தை வாசனையே வழி காட்டும். நான் நேரே மைதானத்துக்குப் போனேன். கரப்பந்து வலை ஒன்று, மாடு இரண்டு, யாரோ அரசியல்வாதி கழற்றாமல் விட்டுப்போன பந்தல் கம்புகள். படத்தில் இந்த இடத்தை விடியற்காலைப் பனியில் காட்டி வயலின் வாசித்திருந்தார்கள். எதிரே கடையில் பாணும் பருப்பும் நன்றாக இருந்தது, இருநூற்றைம்பது ரூபாய்.

அங்கிருந்து புத்தளம் பஸ்ஸில் பத்துளுஓயா சந்தி. உடப்பு அங்கிருந்து மேற்கே ஏழெட்டுக் கிலோமீட்டர். ஆட்டோக்காரர் காத்து நிற்பதற்கும் சேர்த்து இரண்டாயிரம் கேட்டார், ஆயிரத்து ஐந்நூறில் ஒத்துக்கொண்டோம். பெயர் நிஹார், வீடு மதுரங்குளியில். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது உம்மாவின் இடுப்பில் இருந்தபடி இந்தப் பக்கம் வந்தவர். படத்தின் பெயரைச் சொன்னதும் ஆட்டோவின் வேகத்தைக் குறைத்தார்.

“என்னையும் பிடிச்சாங்க அக்கா. முகாம்ல இருந்து கச்சேரிக்கு வந்தீங்களே, அழுகை வந்திச்சான்னு கேட்டாங்க. அழுகை ஒண்டும் வரல்ல, செருப்பு ஒண்டு காணாமப் போச்சு, அதத்தான் தேடினேன்னு சொன்னேன். அதோட கமராவ மூடிட்டாங்க.”

மஞ்சள் வேட்டிக்காரரைப் பற்றிக் கேட்டேன்.

“அது உடப்புப் பொடியன்மார். கோயில் உடுப்புன்னு எங்கட ஆக்களுக்கே தெரியும். அதுல ஒராள் சிவராசா, அவர்ட மீனை நான்தான் ஏத்துறது. கூட்டிப் போறேன். ஆனா இண்டைக்கு அந்த வீட்ல சிரிச்ச முகம் ஒண்டும் இரிக்காது, சொல்லிட்டேன்.”

இரிக்கவில்லைதான். சிவராசாவுக்கு இப்போது நாற்பதை நெருங்கும் வயது, பங்குக்கு ஒரு படகு வைத்திருக்கிறார். முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டே கதைத்தார். மனைவி கமலா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், அதில் சீனி போட மறந்திருந்தார். அன்று பின்னேரம் கோயிலில் தீ மிதிப்புக்காரருக்குக் காப்புக் கட்டு. அவர்களின் மகள் தர்ஷினிக்குப் போன வருடம் டெங்கு. சிலாபம் ஆஸ்பத்திரியில் கைவிடும் நிலைக்குப் போய்த் தப்பியவள். பிள்ளை எழும்பினால் தீ மிதிப்பேன் என்று சிவராசா ஆஸ்பத்திரி வாசலில் நின்று நேர்ந்திருக்கிறார். இந்த ஆடியில் அதைத் தீர்க்கவேண்டும். கோயில்காரரோ, உன் கையில் காப்புக் கட்டுவதா இல்லையா என்று பின்னேரம் விசாரித்துத்தான் சொல்வோம் என்றுவிட்டார்கள். காரணம், படத்தின் அந்தத் துண்டு ஊரில் எல்லாப் போனிலும் ஓடுகிறது.

“கச்சேரி நடந்த அண்டைக்குக் காப்புக் கட்டி மூணாம் நாள் அக்கா. கட்டினா ஊரெல்லை தாண்டப் படாது, கோயில்லதான் படுக்கணும். எங்களுக்கு அப்ப வயசு இருபத்திமூண்டு. பூசை முடிய ஏழு பேரும் ஐஸ் லொறியில ஏறிட்டோம். விடியக் குளிப்புக்கு முதல் திரும்பி வந்துட்டோம். ஒருத்தருக்கும் தெரியாது. தீயும் மிதிச்சோம், ஒருத்தருக்கும் கால் சுடல்ல.”

படக்குழு வந்தபோது இதை அப்படியே சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை: முகத்தை மறைக்கவேண்டும். தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாக ஒத்துக்கொண்டு, வீட்டில் நண்டுக்கறியும் சோறும் சாப்பிட்டுப் போனார்களாம்.

“முகத்தையும் காட்டினான். சொன்னதையும் மாத்தினான். உள்ளதச் சொல்லியிருந்தாலும் எல்லை தாண்டின குற்றத்தோட போயிருக்கும். பாட்டுக்காரன்ட சூரியனுக்கு வேட்டி சாயம் போட்டனாம்!” கத்திவிட்டு, சற்றுப் பொறுத்துக் குரலை இறக்கிக் கேட்டார்: “ஆனா ஆட்டம் எப்பிடி, நல்லாத்தானே இருந்தது?”

நன்றாகத்தான் இருந்தது. சொன்னேன். கமலா முறைத்தார்.

அங்கேயே இயக்குநருக்கு அழைப்பு எடுத்து எல்லோருக்கும் கேட்க வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். “அக்கா, நேர்த்தி, காப்பு எல்லாம் வெளிநாட்டுப் பார்வையாளருக்கு விளங்காது. விளங்கப்படுத்தப் போனால் படத்தின் வேகம் போயிடும். அது ஒரு கிரியேட்டிவ் முடிவு” என்றார். முகத்தை மறைப்பதாகச் சொன்னீர்களே என்றேன். “முகத்தை மறைச்சா அந்த ஷாட் செத்துப் போயிடும்.” அப்படியென்றால் பின்னணிக் குரலில் ஒரு வரியையாவது மாற்றுங்கள், இன்று பின்னேரம் கோயிலில் விசாரணை, மாற்றுவதாக நீங்கள் சொன்னால் போதும் என்று கெஞ்சினேன். ஆம், கெஞ்சினேன். “படம் விழாக்களுக்குப் போயிட்டுது அக்கா. இனி ஒரு செக்கனும் மாற்ற ஏலாது.” வைத்துவிட்டார். நிஹார் வாசலில் நின்று, இங்கே எழுத முடியாத ஒரு சொல்லைச் சொன்னார்.

ஐந்தரை மணிக்குக் கோயில் முன்றல் நிறைந்திருந்தது. நேர்த்திக்காரர்கள் மஞ்சள் வேட்டியோடு வரிசையாக நின்றார்கள். தட்டில் மஞ்சள் துண்டு கட்டிய கயிறுகள். சிவராசாவின் முறை வந்ததும் கோயில் தலைவர் தட்டை ஒதுக்கி வைத்தார். கனத்த உடம்பு, கரகரத்த குரல்.

“எல்லை தாண்டினதுக்குக் கழிப்பு இருக்கு, பரிகாரம் செஞ்சு தீர்க்கலாம். அந்த வயசில தாண்டாதவன் இந்த ஊரில ஆரு? ஆனா அம்மன்ட உடுப்ப ஒரு பாட்டுக்காரனுக்குக் கட்டினதாச் சொல்றாங்க. அதுக்குக் கழிப்பு இல்ல. கற்பூரம் கொளுத்துறன். உடுப்பும் ஆட்டமும் அம்மனுக்குத்தான் எண்டு அணைச்சுச் சத்தியம் பண்ணு. கட்டுறன்.”

எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. கோயில் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். பொய்யாக அணைத்தவன் வீட்டில் விளக்கு எரியாது என்பார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. நாலு சொல், முடிந்தது விஷயம். சிவராசா கையை நீட்டினார். சுவாலைக்கு மேல் கை அப்படியே நின்றது.

“உடுப்பு அம்மனுக்கு. அதுக்கு அணைக்கிறன். ஆட்டம் அம்மனுக்கு எண்டு சொல்ல மாட்டன். அது அந்தப் பாட்டுக்குத்தான் ஆடினது.”

சனம் சலசலத்தது. பின்னால் நின்ற கமலா என் கையைப் பிடித்தார், நகம் பதிந்தது. “சொல்லித் தொலையேன் மனுசா” என்று வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது. தர்ஷினி தூணைப் பிடித்துக்கொண்டு தகப்பனையே பார்த்தாள்.

“பிள்ளைக்குத்தானே நேந்தது?” என்றார் தலைவர்.

“ஓம். அதாலதான் பொய் சொல்ல ஏலாது.”

தலைவர் கற்பூரத்தைப் பார்த்தார். அது பாதிக்குமேல் உருகியிருந்தது.

“அப்ப உடுப்புக்கு மட்டும் அணை. கெதியா, கற்பூரம் முடியப் போகுது.”

அணைத்தார். கயிறு கட்டினார்கள். கழிப்பாக, தீ மிதிப்பு முடியும்வரை கோயில் மதிலுக்கு வெளியே கால் வைக்கக் கூடாது என்றார்கள். அதுவரை படகு அவர் இல்லாமல்தான் கடலுக்குப் போகும். கமலா என் கையை விட்டுவிட்டு அழுதார்.

அழகான முடிவு என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்குக் கோபம் இன்னும் கூடியது. பொய் சொல்ல எல்லா நியாயமும் இருந்த மனிதன் நெருப்புக்கு மேல் கையை வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஒரு நியாயமும் இல்லாதவர்கள் வயலின் வாசித்துச் சொல்லிவிட்டார்கள். அதற்குக் கைதட்டலும் கிடைக்கிறது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயம். ஆடித் திருவிழாக் காலத்தில் உடப்பில் தங்க இடம் கிடைப்பது கஷ்டம், சிலாபத்தில் அறை எடுங்கள். பின்னேரம் ஆறரைக்குப் பிறகு சந்திக்கு ஆட்டோ அருமை, வந்த ஆட்டோவையே நிறுத்தி வையுங்கள். திருவிழாக் காலத்தில் யார் வீட்டிலும் மீன்கறி எதிர்பார்க்காதீர்கள். செருப்பைக் கோயில் வீதிக்கு வெளியிலேயே கழற்றுங்கள், மணல் பின்னேரம்வரை சுடும். காப்புக் கட்டியவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கேட்டு, அவர்கள் ஒரு நிபந்தனை சொன்னால், அதைக் காப்பாற்ற முடியாவிட்டால் அவர்கள் வீட்டுச் சோற்றையும் தொடாதீர்கள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் இருந்தபடி, கோயிலில் நடந்த அத்தனையையும் இயக்குநருக்கு எழுதி அனுப்பினேன். கற்பூரம், நின்ற கை, கமலா, பிள்ளை எல்லாம். வாசித்தால் கொஞ்சமாவது வெட்கப்படுவார் என்று நினைத்தேன். மாதம்பை தாண்டும்போது பதில் வந்தது.

“அக்கா, புல்லரிக்குது! யாராவது போனில் எடுத்தார்களா? அந்தக் கற்பூரக் காட்சி கிடைத்தால் படத்தின் முடிவையே மாற்றிவிடலாம்.”