பிளாங்க்கில் எழுந்த மூன்று பீக்

நம்பாதவர்கள் நம்பவே வேண்டாம். என்னிடம் ஐந்து தாள்கள் இருக்கின்றன. தேதி, மணி, நிமிடம் எல்லாம் மெஷினே அச்சடித்தவை. மெஷினுக்குக் கதை கட்டத் தெரியாது. பயப்படவும் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பயந்தது நான் மட்டும்தான்.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு கல்லூரியில் நான் ஆராய்ச்சி மாணவி. பெயர் தனுஷா. கல்வராயன் மலையில் வளரும் ஒரு செடியின் இலையில் என்னென்ன ஃபீனால் பொருள்கள், எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பது என் வேலை. இலைச் சாற்றில் ஒரு சொட்டை ஊசியில் எடுத்து எச்.பி.எல்.சி. மெஷினுக்குள் செலுத்துவோம். உள்ளே இருக்கும் குழாயில் சாறு பிரிந்து, ஒவ்வொரு பொருளும் தனித்தனி நேரத்தில் வெளியே வரும். அப்படி ஒன்று வரும்போது திரையில் நேராக ஓடும் கோடு மேலே எழுந்து இறங்கும். அந்த எழுச்சிக்குப் பெயர் பீக்.

தப்பு என்னுடையது. நாற்பது டிகிரியில் உலர்த்த வேண்டிய இலையை எண்பதில் வைத்துத் தொலைத்துவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தேவையான சத்து அத்தனையும் போய்விட்டது. திங்கட்கிழமை காலை என் ஆராய்ச்சி கைடிடம் ரிசல்ட் காட்டியாக வேண்டும். எனக்கு இலை பறித்துத் தருகிறவர் மலைமேல் இருக்கும் கரியாலூர் இருசப்பன். ஐம்பது வயதிருக்கும். ஞாயிறு காலை பதினொன்றரைக்கு அவருக்குப் போன் போட்டேன்.

"மழ பேஞ்சு பாறையெல்லாம் வழுக்குது மேடம். நாளைக்குப் போவட்டுமா?"

"நாளைக்குன்னா என் கதை முடிஞ்சுதுண்ணே. இன்னிக்கே வேணும்."



"சரிங்க. சாயந்திர பஸ்ல எடுத்துக்கினு வந்துர்றேன்."

லீவு நாள். கட்டடத்தில் ஈ, காக்கை இல்லை. அவர் வருவதற்குள் மெஷினைத் தயார் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சாம்பிளுக்கு முன்னால் பிளாங்க் விட வேண்டும். பிளாங்க் என்றால் வெறும் மெத்தனால். இலையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கோடு தரையோடு தரையாக ஓட வேண்டும்.

5:12. முதல் பிளாங்க். 5:23க்கு ஒரு பீக் எழுந்தது. 5:24க்கு இன்னொன்று. 5:25க்கு மூன்றாவது. மூன்றும் ஒரே உயரம், திரையின் அளவுகோலில் நாற்பது. ஒவ்வொன்றும் எழும்போது மெஷினுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். பம்ப் என்று நினைத்தேன். ஆனால் கல்லில் கல் பட்டது போல இருந்தது.

இந்த லேபில் எனக்கு சீனியராக இருந்த செழியன் இப்போது புதுச்சேரியில் ஒரு மருந்து கம்பெனியில் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டேன்.

"பிளாங்க்ல மூணு பீக் வருதுண்ணா."

"கோஸ்ட் பீக். பழைய சாம்பிள் உள்ள ஒட்டிக்கினு இருக்கும். பிளாங்க் விட்டுக்கினே இரு. கம்மியாயி போயிடும்."

எங்கிருந்து வந்தது என்று தெரியாத பீக்குக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். பேய் பீக். சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தேன்.

5:42. இரண்டாவது பிளாங்க். அதே மூன்று. அதே இடைவெளி. உயரம் முப்பத்தொன்று. குறைகிறது! செழியன் சொன்னது சரி. ஆனால் மெத்தனால் வாடை மட்டுமே அடிக்க வேண்டிய அறையில் ஈர இலை வாசனை அடித்தது.

ஆறு மணி. பஸ் வந்திருக்க வேண்டும். இருசப்பனைக் காணோம். போனும் கிடைக்கவில்லை. மலையில் டவர் இல்லாதது புதிதா என்ன? எங்கேயாவது குடித்துவிட்டு விழுந்து கிடப்பார் என்று எரிச்சலோடு நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

6:12. மூன்றாவது. உயரம் பத்தொன்பது. ஏசியை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

டக்... டக்... டக்.

பம்ப் இல்லை.

6:42. இந்த முறை ஊசியைத் தொடவே இல்லை. எதையும் செலுத்தாமல் மெஷினை ஓடவிட்டேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

6:53... டக்.

6:54... டக்.

6:55... டக்.

உயரம் எட்டு. ஓடிவிடலாமா? குறைகிறதே, இன்னும் ஒன்று விட்டால் போய்விடுமே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

7:12. ஐந்தாவது.

7:23. கோடு லேசாக அசைந்தது. உயரம் இரண்டு. சத்தம்... கை சோர்ந்தவர் தட்டியது போல.

7:24. காத்திருந்தேன்.

7:25.

ஒன்றும் வரவில்லை.

கோடு நேராக ஓடியது. "அப்பாடா, ஒழிஞ்சுது" என்று வாய்விட்டுச் சொன்னேன். பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை முழுக்க இருசப்பனின் போன் கிடைக்கவில்லை. செவ்வாய் மாலை 4:10க்கு அந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவருடைய தம்பி மகன் தங்கதுரை.

"பெரிப்பா தவறிட்டாரு மேடம். ஞாயித்துக்கெழம எல பறிக்கப் போனவரு, அருவிக்குப் பக்கத்துல வழுக்கி வுழுந்துட்டாரு. காலு ஒடிஞ்சு போச்சு. நேத்து காலைலதான் பாத்தோம்."

போனை மறுகாதுக்கு மாற்றினேன்.

"கையில கல்லு இருந்துச்சுங்க. காட்டுல ஆளு பிரிஞ்சுட்டா நாங்க மூணு தட்டு தட்டுவோம், இங்க இருக்கேன்னு. பக்கத்துப் பாறையில தட்டித் தட்டி வெள்ளையா பொரிஞ்சு கெடக்குது. ஏழு, ஏழர வரைக்கும் உசுரு இருந்திருக்கும்னு டாக்டரு சொன்னாரு."

"தங்கதுரை..."

"தண்ணி சத்தம் ஜாஸ்திங்க. ஒருத்தருக்கும் கேக்கல மேடம்."

எனக்குக் கேட்டது. அதைத் தங்கதுரையிடம் நான் இன்னும் சொல்லவில்லை.