கும்மி ரெக்கார்டுக்குத் திரும்பவும் கீறல் போட்ட கதை

1. போன்

"அக்கா, பாட்டு ரொம்பத் தெளிவா இருக்கு. ஒடனே கெளம்பி வாங்க, அடிக்க வாராங்க!"

இத்தனை வருட ஒலிப்பதிவு வேலையில் எனக்கு இப்படியொரு பாராட்டு வந்ததில்லை. பேசியவர் மைக்செட் செல்வராசு. ஆலங்குடிப் பக்கம் அவருடைய ஊரில் மறுநாள் மாரியம்மன் திருவிழா. அன்று மத்தியானம் பெண்களின் கும்மி ஒத்திகை. நான் சுத்தம் செய்து கொடுத்த பாட்டை அங்கேதான் முதன்முதலாகப் போட்டிருக்கிறார்.

புதுக்கோட்டையில் பழைய ரெக்கார்டுகளை டிஜிட்டலுக்கு மாற்றித் தரும் சின்ன ஸ்டுடியோ என்னுடையது. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சாஃப்ட்வேரைப் பற்றிச் சொல்லித்தர யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். செல்வராசுகளைப் பற்றிச் சொல்லித்தர ஒருத்தரும் இல்லை.

2. சுத்தம்

அந்த ரெக்கார்டை அவர் கைலியில் சுற்றி, அரிசிச் சாக்குக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பிரித்துப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோழி கிளறின மண் மாதிரி முழுக்கக் கீறல்.

"ஏன் செல்வராசு, இதுல தோசை எதுவும் சுட்டீங்களா?"

"சேச்சே, இல்லக்கா. அவசரத்துக்கு ஒருதடவ சாம்பார்ச் சட்டிய மூடி வச்சோம். அம்புட்டுத்தான்."

அவருடைய கவலை வேறு. ரெக்கார்டு பிளேயருக்கு முள் கிடைப்பதில்லை. விழாக் கமிட்டியில் இளவட்டங்கள் டிஜே வேண்டும் என்று நிற்கிறார்கள். "இந்தக் கும்மிப் பாட்டு எங்கிட்ட மட்டுந்தான் இருக்கு. அதுக்காகத்தான் என்னைய விட்டு வச்சிருக்காங்க. இந்த வருசம் சொதப்புனா திருவிழா கைய விட்டுப் போயிரும்க்கா" என்றார். குரலில் உண்மையான பயம் இருந்தது.

வேலையில் இறங்கினேன். ஆரம்பத்தில் இருந்த கரகரப்பை நறுக்கி எறிந்தேன். கீறல் சத்தத்தை எடுக்க சாஃப்ட்வேரில் டீக்ளிக் என்று ஒரு கருவி உண்டு. அதற்குக் கீறலும் கைத்தட்டலும் ஒன்றுதான். சும்மா விட்டால் கைத்தட்டலே இல்லாத கும்மியைக் கொடுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு தட்டையும் கையால் குறித்துக் காப்பாற்றினேன். நடுவே ஓரிடத்தில் முள் சிக்கி, பாட்டின் ஒரே அடி திரும்பத் திரும்ப ஓடியது. அதையும் வெட்டி, ஒட்டு தெரியாமல் சேர்த்தேன். கேட்டுப் பார்த்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

3. ஒத்திகை

நான் போய் இறங்கியபோது பெண்கள் எல்லாரும் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். கும்மிக்குத் தலைவி வள்ளிக்கண்ணு. முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை பார்ப்பவர். செல்வராசுவையும் ஒரு கொட்டையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தம்மாதான் பாட்டக் கெடுத்துச்சா? போடுப்பா, பாக்கட்டும்."

பாட்டு சட்டென்று ஆரம்பித்தது. பாதிப் பேர் இன்னும் சேலையைச் செருகிக்கொண்டிருந்தார்கள். "மொதல்ல கரகரன்னு ஒரு சத்தம் வருமே. அதக் கேட்டுத்தான தயாராவோம்?" என்றார் வள்ளிக்கண்ணு.

நான் முள்ளை விடுவித்த இடம் வந்ததும் பாதிப் பேர் பின்பக்கம் திரும்பினார்கள். மீதிப் பேர் பாட்டோடு முன்னால் போனார்கள். தட்ட வேண்டிய கை பக்கத்து ஆள் கன்னத்தில் விழுந்தது.

"இங்க பாட்டு நிக்கும்மா. நாங்க அங்கிட்டுத் திரும்பி அதே அடிக்குச் சுத்துவோம். அப்பறம் இங்கிட்டுத் திரும்பி அடுத்த அடி. எங்க கும்மிக்கு அழகே அதான்."

நான் செல்வராசுவை முறைத்தேன். "இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நான் எங்க கும்மியப் பாத்தேன்க்கா? ரெக்கார்டப் போட்டுட்டு டீக்கடைக்குப் போயிருவேன். சிக்குற சத்தம் கேட்டா ஓடியாந்து முள்ளத் தள்ளிவிடுவேன்."

4. திரும்பவும் கீறல்

ஸ்பீக்கர் பெட்டிமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கரகரப்பைப் பழைய பதிவிலிருந்து எடுத்து ஒட்டினேன். சிக்குகிற அடி எத்தனை தடவை வர வேண்டும் என்று கேட்டேன். மூன்று என்றார்கள், ஆறு என்றார்கள். விசாரித்தால், அது அந்தந்த வருடம் செல்வராசு குடித்த டீயின் சூட்டைப் பொறுத்தது. கடைசியில் நான்கு என்று முடிவானது.

போட்டோம். எல்லாரும் அழகாகப் பின்பக்கம் திரும்பினார்கள். ஆனால் திரும்பி வரவில்லை.

"செல்வராசு சத்தத்தக் காணோமே?" என்றார் வள்ளிக்கண்ணு. "'வந்துட்டேன், வந்துட்டேன்'னு கத்திக்கிட்டே ஓடியாருவான். அதக் கேட்டுத்தான் திரும்புவோம்."

சரி என்று அவரை டீக்கடையிலிருந்து ஓடிவரச் சொல்லி அந்தக் கத்தலையும் பதிவு செய்தேன். முதல் டேக்கில் மூச்சு வாங்கவில்லை. இன்னொரு தடவை ஓடவிட்டேன். அதையும் சேர்த்துப் போட்டதும் கும்மி பிசகில்லாமல் போனது. எல்லாரும் சிரித்தார்கள். செல்வராசு மட்டும் சினிமா நடிகர் மாதிரி தலையைக் கோதிக்கொண்டார்.

அதுவரை ஓரமாக நின்று பார்த்த விழாக் கமிட்டித் தலைவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அப்ப பாட்டு, சிக்கு, செல்வராசு எல்லாம் இந்தப் பென் டிரைவுக்குள்ளயே இருக்கா? இதக் குடுத்தா டிஜேகாரனே போட்டுருவானே?"

செல்வராசுவின் கை தலையிலேயே நின்றுவிட்டது. மெல்ல என்னிடம் குனிந்தார். "அக்கா, என்னைய மட்டும் அழிச்சுருங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அழித்தேன். "அந்தச் சத்தம் ஃபைல்ல சிங்க் ஆகலைங்க தலைவரே. ஆளு நேருல கத்துனாத்தான் சரிவரும்" என்றேன். இங்கிலீஷ் வார்த்தை கேட்டதும் தலைவர் ஒத்துக்கொண்டார். வள்ளிக்கண்ணு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "ஆமாமா, நேருல கத்துனாத்தான் எங்களுக்குக் காலு திரும்பும்" என்றார்.

மறுநாள் திருவிழாவில் செல்வராசு ஓட வேண்டிய அவசியமே இல்லை, நின்ற இடத்திலேயே கத்தியிருக்கலாம். தள்ளிவிட முள்ளும் இல்லை. ஆனாலும் டீக்கடைவரை போய், அங்கிருந்து ஓடிவந்து கத்தினார். அடுத்த வருடத்துக்கும் அவரையே வரச் சொல்லிவிட்டார்கள்.

பிள்ளைகளே, பாட்டைச் சுத்தம் செய்யும் முன் அதைப் போடுகிறவரிடம் மட்டும் கேட்காதீர்கள், ஆடுகிறவர்களிடமும் கேளுங்கள். சுத்தம் செய்யும்போது, கொண்டுவந்த ஆளுக்கு ஒரு வேலையை மிச்சம் வையுங்கள்.