ஐலிஃபின் இதயப் படம் கரையேறிய விதம்

ஸ்கார்வோய் தீவில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் எல்லாரும் குன்வோரைத்தான் கூப்பிடுவார்கள். மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்து முதுகு போனபிறகு, வீட்டில் கிடந்தபடியே தானாகப் படித்து ஊராட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலைக்கு வந்தவள். புருஷனை விட்டு வந்து பல வருடம் ஆகிவிட்டது. சொந்தமென்று தம்பி ஐலிஃப் ஒருவன்தான். அவனுக்குப் படகு, காட் மீன், கடல். அதைத் தாண்டி எதுவும் தெரியாது.

அந்தப் பிப்ரவரிப் புயலில் செல்போன் கோபுரம் சாய்ந்தது. கடலடி இன்டர்நெட் கேபிளும் அறுந்தது. மத்தியானம் படகை இழுத்துக் கட்டப் போன ஐலிஃப், துறைமுகத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான்.

அலுவலகத்துக்கு மேல்மாடியில்தான் மருத்துவ நிலையம். நர்ஸ் சோல்ஃப்ரிட் அவன் மார்பில் வயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. என்கிற இதயப் படம் எடுத்தாள். ஹெலிகாப்டர் கிளம்ப முடியாது. நகரத்து இதய டாக்டரோடு பேச, அவசரகால ரேடியோ இணைப்பில் ஓடும் வாக்கி-டாக்கிகள் மட்டும்தான் மிச்சம்.

"ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி அங்க இருக்குல்ல? ஆனா படத்தைப் பாக்காம போடச் சொல்ல மாட்டேன். தப்பாப் போட்டா மூளையில ரத்தம் கசிஞ்சு செத்துடுவார்" என்றார் டாக்டர்.

கீழறையில் வானிலை அளவுகளை அனுப்பும் பழைய இயந்திரம் ஒன்று இருந்தது. அதற்கு மட்டும் தனியாகச் செயற்கைக்கோள் இணைப்பு. படம் கிடம் எதுவும் காட்டாது; கருப்புத் திரையும் விசைப்பலகையும்தான். குன்வோர் இதயப் படக் கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, இன்னொரு வாக்கி-டாக்கியோடு படியில் உருண்டு விழாத குறையாக ஓடினாள்.

மின்னஞ்சல் அனுப்பும் கட்டளை, கோப்பை இணைக்க '-a', கோப்பின் பெயர், டாக்டரின் முகவரி. என்டர்.

"போயிடுச்சு டாக்டர், பாருங்க!"

கொஞ்ச நேரம் இரைச்சல். "அஞ்சல் வந்திருக்கும்மா. உள்ள ஒண்ணுமில்ல."

மறுபடி அனுப்பினாள். மறுபடியும் வெறும் அஞ்சல்தான். அப்புறம்தான் உறைத்தது. இந்தப் பழைய நிரலில் அந்த எழுத்துக்கு அர்த்தமே வேறு. அது கோப்பை இணைக்காது. அஞ்சலின் தலைப்பில் ஒரு வரியைச் சேர்க்கும், அவ்வளவுதான். அதே இயந்திரத்தில் 'மட்' என்று வேறொரு அஞ்சல் நிரலும் கிடந்தது. அதில் தட்டினாள். இணைக்க முடியவில்லை என்று திரை சொன்னது. அதுவும் டாக்டரின் முகவரியைச் சொல்லி, இப்படி ஒரு கோப்பே இல்லை என்றது.

"குன்வோர்! இவன் முகம் சாம்பலாட்டம் ஆகுதுடி!" மேலிருந்து சோல்ஃப்ரிட் கத்தினாள்.

"வரேன்... இதோ... இரு!" அவளுக்கு அழுகை முட்டியது. உதவிப் பக்கத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் நீரில் மிதந்தது. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். கோப்புகள் இதோடு முடிந்தன என்று சொல்ல இரண்டு சிறு கோடுகள் போட வேண்டுமாம். போடாவிட்டால் முகவரியையும் கோப்பென்று எண்ணிக்கொள்ளுமாம். கோப்பின் பெயருக்கும் முகவரிக்கும் நடுவே '--' தட்டினாள். மெல்லிய இணைப்பில் அது போய்ச் சேரும்வரை விசைப்பலகை மேலேயே நெற்றியை வைத்துக் கிடந்தாள்.

"வந்துடுச்சு. அடைப்புதான். போடுங்க, உடனே போடுங்க!"

ஐலிஃப் பிழைத்தான். ஆனால் இதயத்தில் பாதி செத்துப்போயிருந்தது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. கோடையில் படகை விற்றான். வாங்கியவன் அதை ஓட்டிப் போவதைச் சமையலறை ஜன்னல் வழியாக அக்காவும் தம்பியும் பார்த்தார்கள்.

"அக்கா, முதல் தடவையே அந்தப் படம் போயிருந்தா?"

"தெரியலடா. இதயம் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்னு டாக்டர் சொன்னார்."

"அதுக்கு நீ என்ன பண்ணுவ" என்றான் அவன். அவள் பக்கம் திரும்பவில்லை. குன்வோர் அடுப்பில் காபி வைக்க எழுந்தாள்.