குதிரை போலத் தாவிய ராஜா

ஐம்பதுகளின் நடுவில், திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூரில் நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தபோது நடந்தது இது. அப்போது எனக்கு முப்பது வயது. ஊரில் என்னைச் செஸ் பைத்தியம் என்பார்கள். அதில் பொய்யொன்றும் இல்லை.

எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து ஆடியது நாட்டு ஆட்டம். அதில் ராஜாவுக்கு ஒரு சலுகை உண்டு. எதிராளி 'செக்' சொல்வதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை ராஜா குதிரை மாதிரித் தாவிக்கொள்ளலாம். மெட்ராஸில் ஆடுகிற வெளிநாட்டு முறையில் இந்தத் தாவல் கிடையாது. மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கி வந்த பிறகுதான் எனக்கு இதெல்லாம் தெரிந்தது.

அந்தப் புத்தகத்தோடு இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினேன். ஆட்டத்தை எப்படித் தொடங்குவது, எங்கே பொறி வைப்பது, பெரிய ஆட்டக்காரர்கள் எப்படி ஆடினார்கள் என்று எல்லாவற்றையும் தமிழில் நோட்டில் எழுதிக்கொண்டேன். காலையில் என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே அதைப் படிப்பாள், நான் காயை நகர்த்துவேன். அவளுக்குச் செஸ் தெரியாது. ஆனாலும் நான் மாற்றி வைத்தால், "அப்டி இல்லியே, நோட்ல வேற மாரி கீதே" என்று அதட்டுவாள். பையன்கள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல நானும் ஒப்பித்தேன். அந்தக் காய் ஏன் அங்கே போகிறது என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

திருவள்ளூரில் ஒரு போட்டி வைத்தார்கள். வெளிநாட்டு முறைதான். ஜெயிப்பவரை அவர்கள் செலவிலேயே மெட்ராஸ் போட்டிக்கு அனுப்புவதாக ஏற்பாடு. இரண்டு வருஷப் பைத்தியத்துக்கு ஓர் அர்த்தம் இருந்தது என்று காட்ட எனக்கு வேறு வழியில்லை. தலைமை ஆசிரியர் லீவு கொடுக்கும்போதே, "ஜெயிச்சிகினு வந்தா சரி. இல்லன்னா அந்த நோட்டை ஒண்ணாங் கிளாஸ் பசங்களுக்கு கிறுக்கக் குடுத்துடு" என்றார்.

இரண்டாம் நாள் கடைசி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டேன். எதிரே உட்கார்ந்தவர் பழவேற்காட்டில் வலையும் கயிறும் விற்கிற ஒரு வியாபாரி. என் வயதுதான் இருக்கும். எல்லாரும் 'பாய்' என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். இரண்டு நாள் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். புத்தகம் எதுவும் பார்த்தவரில்லை. போட்டி தொடங்கும்போது நடுவர் படித்த விதிகளை ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துவிட்டுத்தான் காயைத் தொட்டார். இந்த ஆளா கடைசி ஆட்டம் வரை வந்தார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பத்து நகர்த்தல் வரை நோட்டில் இருந்தபடியே போயிற்று. பதினொன்றாவதாக அவர் ஒரு சிப்பாயைத் தள்ளினார். அது நோட்டில் இல்லை. அவ்வளவுதான், எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல ஆகிவிட்டது. பதற்றத்தில் யானைகளை அங்கும் இங்கும் அலைக்கழித்தேன். என் ராஜா நடுவிலேயே மாட்டிக்கொண்டது. அடுத்து அவர் யானையை நேரே கொண்டுவந்து 'செக்' சொல்லப்போகிறார் என்பது தெரிந்தது. கை தானாக ராஜாவைத் தூக்கியது, குதிரை மாதிரித் தாவ வைத்துப் பத்திரமான ஒரு கட்டத்தில் இறக்கியது.

அப்பாடா என்று மூச்சுவிட்டேன்.

பாய் தன் அட்டையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு பயந்துகொண்டே, "வாத்தியாரே, இது இன்னா ஆட்டம்? என் சீட்டுல இல்லியே?" என்றார்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. புத்தகம் படித்த நான், புத்தகம் பார்க்காதவரின் முன்னால் நாட்டு ஆட்டம் ஆடியிருக்கிறேன்!

நடுவர் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்தவர், கறாரான மனிதர். "தொட்ட காயைத்தான் ஆடணும். ராஜாவைத் தொட்டுட்டீங்க, ராஜாவைத்தான் நகர்த்தணும்" என்றார். ராஜா போவதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அங்கே போனால் அடுத்த நகர்த்தலில் ஆட்டம் முடிந்துவிடும். நடுவர் பாயைப் பார்த்து, "நீங்க கேட்டா அப்படித்தான். கேக்கலன்னா அவர் வேற காய் ஆடலாம். உங்க இஷ்டம்" என்றார்.

சுற்றி நின்றவர்கள் எல்லாம் பாயையே பார்த்தார்கள். நான் பலகையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உடுங்க சார், திருப்பி ஆடட்டும்" என்றார் அவர். "ஊட்ல ஆடற ஆட்டம், கை மறக்குமா? எனக்கே ரெண்டு நாளா கை அரிச்சிகினே கீது. இந்த அட்டையைப் பாத்துப் பாத்துதான் அடக்கிகினு கீறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். 'வேண்டாம், நான் தோற்றேன்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ராஜாவைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு ஒரு குதிரையைக் குறுக்கே நிறுத்தினேன். அதன்பிறகு நோட்டு எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஒவ்வொரு காயையும் ஏன் என்று யோசித்து ஆடினேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நான் ஜெயித்தேன். எனக்கு மாலை போட்டார்கள். பாய் கை குலுக்கிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று ஓடினார்.

மறுநாள் பள்ளியில் பிரேயர் முடிந்ததும் தலைமை ஆசிரியர் என்னைப் புகழ்ந்து தள்ளினார். பையன்கள் கை தட்டினார்கள். அங்கேயும் நான் உண்மையைச் சொல்லவில்லை. வீட்டில்தான் சொன்னேன். கேட்டுவிட்டு என் மனைவி, "அவரு பேரு இன்னா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. கடல் தாண்டி இருந்த ஆட்டக்காரர்களின் பெயர்களை எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிற எனக்கு, எதிரே உட்கார்ந்திருந்த மனிதரின் பெயர் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் பழவேற்காட்டில் இறங்கினேன். வலைக்கடையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. முதலில் பெயரைக் கேட்டேன், சொன்னார். பிறகு, "மெட்ராஸுக்கு நீங்க போங்க பாய். அது உங்க இடம். நடுவர்கிட்ட நான் பேசறேன்" என்றேன்.

அவர் வலையைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார். "அன்னிக்கு நடுவர்கிட்ட கேட்டு வாங்கி ஜெயிச்சிட்டு அங்க போயிருந்தா, எப்டி ஜெயிச்சேன்னு எவனாச்சும் கேட்டிருப்பான். இன்னான்னு சொல்றது? உங்க கைய காட்டிகினு நிக்கறதா? நீங்க ஆடித்தான ஜெயிச்சீங்க, நீங்களே போங்க. ஆனா வாத்தியாரே, அங்க எவனும் உடமாட்டான். கை பத்திரம்."

மெட்ராஸில் என் முறை வரும்போதெல்லாம் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் யோசித்தேன். ஐந்து ஆட்டத்தில் மூன்றில் தோற்றேன். ஊருக்குத் திரும்பியதும் அடுத்த பிரேயரில் நானே எழுந்து நின்று, திருவள்ளூரில் என்ன நடந்தது என்பதை அவர் பெயரோடு சொன்னேன். இந்த முறை யாரும் கை தட்டவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குச் செஸ் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், எத்தனையோ ஆட்டங்கள் ஜெயித்தும் இருக்கிறேன்; ஆனால் ஜெயிக்கிற நேரத்தில் எதிராளிக்கு ஒரு நகர்த்தலைத் திருப்பிக் கொடுக்கிற அந்தப் பெரிய மனசு மட்டும் எனக்கு இன்னும் முழுதாகக் கைவந்ததில்லை.